நான்கடிக் கண்ணாடித் தொட்டி

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சிசாலையைப் பிள்ளைகளோடு கண்டு திரும்பும் பரமக்குடிக் குடும்பங்களில், வீட்டுக் கூடத்தில் பெரிய மீன் தொட்டி ஒன்று வைத்தால் என்ன என்ற பேச்சு அந்த வாரத்துக்குள் எழாமற் போவது அபூர்வம். ஆசையில் தோஷமில்லை, 1850-களில் இலண்டன் கனவான்களைப் பிடித்தாட்டியதும், 1909-ல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தபோது ஜனங்களை ஈர்த்ததும் இதே ஆசைதான். ஆயினும், வளைந்த முகப்புள்ள ஆயத்தத் தொட்டி ஒன்றையும், கண்ணாடி அறுத்து உள்ளூரில் ஒட்டிய தொட்டி ஒன்றையும் நீர் நிரப்பிப் பழகிப் பார்த்ததில், கடையில் கண்ணைப் பறிப்பது ஒன்று, வீட்டில் உழைப்பது வேறொன்று என்பதே என் அபிப்பிராயம்.

ஆயத்தத் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், இரண்டடி உயரம். மூலைகளில் ஒட்டுத் தெரியாத அழகும், மூடியிலேயே பொருத்திய விளக்கும் பார்ப்பவரை வசியம் செய்வது உண்மை. ஆனால் வளைவில் நுழையும் மீன் தடித்தும் நீண்டும் விகாரப்படுகிறது. பிளாஸ்டிக் மூடி சித்திரை வெயிலின் உஷ்ணத்தை உள்ளேயே அடைத்துவைக்கிறது. அடியிலுள்ள கூழாங்கற்களைக் கிளறித் துலக்க வேண்டுமானால் தோள்வரை கையை நனைக்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பெரிய குறை உயரமே. அடிக்கண்ணாடியை நீர் அழுத்தும் விசை உயரத்தோடு ஏறுவது; மீனுக்கு வேண்டிய பிராணவாயுவோ மேற்பரப்பின் வழியாகவே நீரில் கலப்பது. இரண்டடி உயரத்தால் அழுத்தம் மிகுந்ததேயொழிய, காற்றுப்படும் பரப்பு மூன்று சதுர அடியைத் தாண்டவில்லை. நீர் சூடேற ஏறப் பிராணவாயுவைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைகிறதாதலால், கோடையில் மின்சாரம் நின்ற மாத்திரத்தில் மீன்கள் மேலே வந்து வாய்பிளப்பது இத்தகைய தொட்டியில்தான் முதலில் காணப்படும்.

உள்ளூர்த் தொட்டியோ நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், பத்து மில்லிமீட்டர் கண்ணாடி. பரப்பு ஆறு சதுர அடி. ஏறத்தாழ 220 லிட்டர் நீர், கண்ணாடி, கற்கள் எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவை நெருங்கும். பழைய கட்டைமெத்தை வீட்டு மாடியில் இதை ஏற்ற நினைப்பவர் முதலில் கொத்தனாரைக் கலந்துகொள்வது உத்தமம். ஒட்டிய இடங்களைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்: சிலிக்கான் பசைக்குள் கடுகளவு காற்றுக்குமிழி வரிசையாக நின்றாலும், நாளைய கசிவு அங்கேதான். இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, பலகையின்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி என்று வைத்து, நான்கு திசையிலும் ரசமட்டம் பார்த்து, அடியில் செய்தித்தாள் விரித்து நீர் நிரப்பி இரண்டு நாள் விட்டால், ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையில் நான் பார்த்த தொட்டி தேறியது. விளிம்புகளை இன்னும் சற்று மழுங்கத் தேய்த்திருக்கலாம், கை கீறுகிறது.

இனி ஜலம். பெரிய தொட்டிக்கு அதிக சிரமம் என்பது பொதுவான நம்பிக்கை, உண்மை நேர்மாறானது. நீர் மிகுதியாக இருந்தால் உஷ்ணமும் அசுத்தமும் மெதுவாகவே ஏறும்; வாரந்தோறும் கால்பங்கு மாற்றுவதற்கு நான்கு குடம் போதும். காவிரிக் கூட்டுக் குடிநீரை ஒருநாள் திறந்துவைத்துக் குளோரினைப் போக்கியபின் ஊற்றலாம். ஆழ்குழாய் நீரோ நம் பக்கத்தில் பெரும்பாலும் உவர்ப்பும் கடினமும் உடையது. அமேசான் பிரதேசத்து டிஸ்கஸ், நியான் டெட்ரா வகைகளுக்கு அது ஒவ்வாது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கோ கடின நீரே சொந்த ஊர். கேரளத்தார் கறிக்குக் கொண்டாடும் கரிமீனும், உவர்நீர் நன்னீர் இரண்டிலும் வாழ்வதால், இங்கே சௌக்கியமாக வளரக்கூடியது. எந்த மீனானாலும் தொட்டி நிரப்பிய அன்றே வாங்கி விடுவது கொலைக்கு ஒப்பு: கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் விஷமும் அதிகம்.

வடிகட்டிகளில் டாப் ஃபில்டர் துலக்குவதற்கு எளிது. ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நிற்கும் என்பதால், பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்பு ஒன்றை ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு சேர்த்து வைத்துக்கொள்வதே விவேகம். அலங்காரப் பொம்மைக்குச் செலவிடுவதை இதற்குச் செலவிடலாம்.

அலங்காரம் என்றதும் இராமேஸ்வரக் கரையில் கிடைக்கும் பவளப்பாறைத் துண்டின் ஞாபகம் சிலருக்கு வரும். கடினப் பவளங்கள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம்பெற்றவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். நன்றாக அலசிய சாதாரணக் கருங்கல் இரண்டு போதும். சிக்லிட் மீன்கள் அவற்றின் இடுக்கையே எல்லை வகுத்துக்கொண்டு சண்டையிடும்.