பழசை யார் சொல்கிறார்கள்?

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த நாட்களில், திரையில் தெரியும் முகம் தண்ணீருக்குள் போனதுபோல் நெளியத் தொடங்கினால் என் பெரியம்மா சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்கும்படி, "பழசு சொல்றாங்க" என்பார். அதுவரை முறுக்கு கடித்துக்கொண்டிருந்த வரிசை அடங்கிப்போகும். பெரியம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை. பிளாஷ்பேக் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ஆனால் கண்ணெதிரே படம் ஓடும்போதும் "பழசு காட்றாங்க" என்று அவர் சொல்லவில்லை. "சொல்றாங்க" என்றுதான் சொன்னார். கேட்க ஒரு ஆளும் சொல்ல ஒரு ஆளும் இருந்தால்தான் பழசு எழுந்து வரும் என்பது கதை கேட்டு வளர்ந்த அவருக்குத் தெரிந்திருந்தது.

பாடப்புத்தகம் பின்னோக்கு உத்தி என்கிறது. சினிமாக்காரர்களுக்கு அது பிளாஷ்பேக். கொசுவத்திச் சுருள் என்று பகடி செய்பவர்களும் உண்டு. இந்த உத்தி தமிழில் நடந்துவந்த பாதையைப் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாவின் அந்த வினைச்சொல்லைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் கதைக்குள்ளேயே விடை இருந்தால் பழசு நம்மைப் பிடித்து உலுக்குகிறது. இல்லாவிட்டால் அது வெறும் விவரம்.

சிலப்பதிகாரத்திலிருந்து தொடங்கலாம். புகார்க் காண்டம் முழுக்க நாம் பார்க்கும் கோவலன் யார்? கண்ணகியை விட்டுப் போனவன், மாதவியிடம் பொருளைத் தொலைத்தவன், ஒரு பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு அவளையும் விட்டு வந்தவன். அவன்மேல் நமக்குப் பெரிய மரியாதை எதுவும் வருவதில்லை. மதுரைக்கு வெளியே கவுந்தியடிகளோடு தங்கியிருக்கும்போதுதான், குமரியில் நீராடித் திரும்பும் மாடலன் என்ற மறையவன் அங்கே வருகிறான். அடைக்கலக் காதையில் அவன் கோவலனைப் பார்த்து, அவன் முன்பு செய்த நல்ல காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில் யானையிடம் சிக்கிய முதிய அந்தணனைக் காப்பாற்றியது ஒன்று. கீரியைக் கொன்ற பழியால் கணவன் கைவிட்டுப் போன பெண்ணின் துயரைத் தன் பொருள் கொடுத்துத் தீர்த்தது இன்னொன்று. மூன்றாவது, பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்துக்கொண்டபோது, அவன் உயிருக்குப் பதிலாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கோவலன் கேட்டது. பூதம் மறுத்துவிட்டது. செத்தவனுடைய குடும்பத்தைக் கோவலன் பல ஆண்டுகள் தாங்கினான்.

இதற்கு அடுத்தது கொலைக்களக் காதை. ஒருவன் வெட்டுப்படப் போகும் தறுவாயில்தான் அவன் எவ்வளவு நல்லவன் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. பொய்ச்சாட்சிக்காரனுக்காக உயிரைத் தர முன்வந்தவன், பொய்க் குற்றச்சாட்டில் உயிரை விடப்போகிறான். இந்தச் செய்திகளை இளங்கோ முதல் காண்டத்திலேயே வரிசைப்படி வைத்திருந்தால் கோவலன் ஒரு வள்ளல் என்ற அளவில் நின்றிருப்பான். வைத்த இடத்தால்தான் நெஞ்சு பதறுகிறது. பதிற்றாண்டுக் கணக்கில் திரைக்கதைப் பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதற்குமேல் ஒன்றுமில்லை. அடைக்கலக் காதையிலேயே கோவலன் தான் கண்ட கெட்ட கனவையும் மாடலனிடம் சொல்கிறான். நடந்ததும் நடக்கப்போவதும் ஒரே மரத்தடியில் பேசி முடிக்கப்படுகின்றன.

பிறகு கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம், கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று கொல்வித்த கதையைச் சொல்கிறது. இதில் எனக்கு மாடலன் பேச்சில் உள்ள நிறைவு கிடைப்பதில்லை. எரிந்த ஊரில், கணவனைப் பறிகொடுத்தவளிடம் காரணம் சொல்லும் பேச்சு அது. முற்பிறப்பைப் பார்ப்பதை ஒரு கதைப்பொருளாகவே ஆக்கியது மணிமேகலை. மணிபல்லவத்துப் பாதபீடிகையை வணங்கியதும் அவளுக்குப் போன பிறவி தெரியவருகிறது.

உரைநடைக்கு வந்தால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' முன்னால் நிற்கிறது. 1976இல் வந்த நாவல். தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் உயிருக்குப் பயந்து தெற்கே ஓடிவந்த வரலாற்றை ஆசிரியரே சொல்லியிருக்கலாம். அவர் அதை மங்கத்தாயார் அம்மாள் என்ற பூட்டியிடம் ஒப்படைத்தார். நூறு வயதைத் தாண்டியவள். அவள் வாய் திறந்தால் வீடே சுற்றி உட்கார்ந்துவிடுகிறது. ஆற்றைக் கடந்ததும், சென்னாதேவியின் அழகும், காட்டை அழித்து ஊரை உண்டாக்கியதும் கேட்பவர்களின் பெருமூச்சோடு சேர்ந்து வருகின்றன. 'ஒரு புளியமரத்தின் கதை'யில் இந்த வேலையைத் தாமோதர ஆசான் செய்கிறார். இளவட்டங்கள் அவரைச் சூழ்ந்துகொள்ள, சுந்தர ராமசாமி நகரத்தின் பழைய காலத்தை அந்த வாயாடிக் கிழவரின் குரலில் இறக்கினார்.

ஜெயகாந்தன் செய்தது வேறு வகை. 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிப்போய்க் கெடுக்கிறான். வீட்டுக்கு வந்து அழுதவளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, கறை போயிற்று என்று ஆறுதல் சொல்கிறாள். அந்த முடிவு அன்று பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அதற்குப் பின் அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில், கங்கா அந்தக் கதையையே பத்திரிகையில் படிக்கிறாள். அது அவள் பட்டதுதான். ஆனால் அவளுடைய அம்மா தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொள்ளவில்லை. ஊர் கேட்கக் கத்தினாள், அண்ணன் வீட்டைவிட்டு விரட்டினான். தன் கடந்த காலத்தை இன்னொருவர் எழுதி, அதுவும் நடந்ததைவிடக் கருணையோடு எழுதி, அச்சில் பார்க்கும் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். பழசைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்ட நாவல் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த நாவலுக்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒரு நாவலையும் சொல்லியாக வேண்டும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் பழசை யாரிடமும் சொல்வதில்லை. போர்க்காலத் தென்கிழக்காசியாவில் இருக்கும் அவன் தலைக்குள் மதுரைத் தெருக்களும் சின்னமங்கலமும் கடைகளோடும் மனிதர்களோடும் தாமாகத் திரண்டு வருகின்றன. கேட்க ஆளில்லாத அயலூர்த் தனிமைதான் அங்கே சொல்ல வைக்கிறது. அந்த நாவலைப் படித்த பிறகு, கேட்பவர் இல்லாத நினைவும் எழுதத் தக்கதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குச் சிங்காரம் அளவுக்கு மொழி வேண்டும்.

இனி சினிமா. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு நடுங்கிய 1943ஆம் ஆண்டுச் சென்னை. ரேடியோ இன்ஜினீயர் ராஜன் படத் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான். விசாரிக்க வரும் சி.ஐ.டி. அதிகாரியிடம் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி, மனைவி என்று ஒவ்வொருவராகத் தாங்கள் அறிந்த ராஜனைச் சொல்கிறார்கள். சிவாஜி கணேசன் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் கொஞ்சம் வேறு ஆளாகத் தெரிகிறார். கதாநாயகனை முதல் காட்சியில் பிணமாக்கி, அவன் துரோகத்தைக் கடைசியில் அவிழ்க்கும் துணிச்சல் அன்றைய ரசிகர்களுக்கு எடுபடவில்லை; முதலில் வசூல் கைகொடுக்கவில்லை.

பாலசந்தருக்குத் தூண்டுதல் அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்'. 1950இல் வந்த படம், அகுதாகவாவின் 1922ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்றை அடியொற்றியது. அதில் ஒரே கொலையைக் கொள்ளைக்காரன், இறந்தவன் மனைவி, ஆவியாக வரும் இறந்தவன், விறகுவெட்டி ஆகியோர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்று படம் தீர்த்து வைப்பதில்லை. 'அந்த நாள்' அப்படி விட்டுவிடாமல் கொலையின் முடிச்சை அவிழ்த்துத்தான் நிறுத்துகிறது. இதைக் குறை என்று சொல்லும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கமா முத்தா என்று பார்த்துத் தீர்ப்பு வாங்கிய காப்பியத்தின் வழிவந்தவர்கள் நாம். நம் கதைகளில் பழசு சாட்சியாக வருகிறது. சாட்சி வந்தால் தீர்ப்பும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

2004இல் வந்த 'விருமாண்டி'யும் இதையே செய்தது. தூக்குத் தண்டனைக்கு எதிராகச் சிறையில் பேட்டி எடுக்க வரும் ஏஞ்சலாவின் கேமராவுக்கு முன்னால் முதலில் கொத்தாளத் தேவர் பேசுகிறார், பிறகு விருமாண்டி பேசுகிறான். ஒருவர் வாயில் கடத்தலாக இருந்தது மற்றவன் வாயில் காதலாகிறது. முதல் பாதியில் நாம் நம்பிவிட்டோமே என்ற குற்ற உணர்வு இரண்டாம் பாதியில் நம்மைக் குடைகிறது. எந்தப் பக்கம் உண்மை என்பதில் கமல்ஹாசன் சந்தேகம் வைக்கவில்லை.

சொல்பவர் பொய் சொன்னால்? ஹிட்ச்காக் 1950இல் 'ஸ்டேஜ் பிரைட்' படத்தில் ஒரு பொய்யான பிளாஷ்பேக்கை வைத்துவிட்டு, பின்னாளில் அதைத் தவறு என்று தானே ஒப்புக்கொண்டார். திரையில் பார்த்தது பொய்யாவதை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. அதே காரியம் 1964இல் 'புதிய பறவை'யில் நடந்தபோது நம் ஊரில் யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படவில்லை. கோபால் தன் முதல் மனைவி சித்ராவின் கதையை லதாவிடம் சொல்கிறான். சிங்கப்பூர்ப் பழக்கம், கல்யாணம், அவள் குடி, வீட்டுக்கு வந்த அவமானம், கடைசியில் தண்டவாளத்தில் அவள் பிணம். ஏறக்குறைய எல்லாமே உண்மை. ஓர் அறை மட்டும் விடுபட்டிருக்கிறது. அவன் அடித்த அந்த ஓர் அடியில் இதயம் பலவீனமான சித்ரா செத்தாள். பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டது அவன். இதைக் கடைசிக் காட்சியில், தான் உயிருக்குயிராக நம்பியவளிடமே கக்கிவிடுகிறான், அவள் போலீஸ்.

டூரிங் டாக்கீஸில் அந்தப் படம் முடிந்து வரும் வழியில் பெரியம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கட்டிக்கப்போறவகிட்ட எவன்தான் முழுசும் சொல்லுவான்?" தாதா மிராசி இயக்கிய அந்தப் படம் ரசிகர்களிடம் தப்பித்ததற்கு இதுதான் காரணம். கேமரா நம்மிடம் நேராகப் பொய் சொல்லவில்லை. காதலியை இழக்கப் பயந்த ஒருவன் அவளிடம் மறைத்தான். நாம் பக்கத்தில் நின்று கேட்டோம்.

இதற்குப் பிறகு உத்தி மலிந்தது. 1995இல் 'பாட்ஷா' ஆட்டோக்காரர் மாணிக்கத்தின் பம்பாய் வாழ்க்கையை அரைப் படம் வரை அடக்கிவைத்தது. அந்த அடக்கத்துக்கு அர்த்தம் இருந்தது. குடும்பத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டவனின் கட்டு அவிழும் தருணம் அது. அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட எத்தனையோ படங்களில், இடைவேளைக்குப் பின் இருபது நிமிடம் நாயகனுக்கு ஏன் கோபம் வருகிறது என்று விளக்கும் பகுதியாகப் பிளாஷ்பேக் சுருங்கிவிட்டது. யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு முறைப்பு, ஒரு பின்னணி இசை, உடனே ஊர்த் திருவிழா. அடியாட்களை வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்குவதுபோல் செத்துப்போன தங்கையையும் மனைவியையும் பயன்படுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அந்தப் பெண்கள் சாவதற்காகவே படத்துக்குள் வருகிறார்கள்.

ஆனாலும் நல்ல முயற்சிகள் நிற்கவில்லை. 'ஹே ராம்' நிகழ்காலத்தைக் கறுப்பு வெள்ளையிலும் கடந்த காலத்தை வண்ணத்திலும் வைத்து வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. தாத்தாவின் கதையைப் பேரன் டாக்டரிடம் சொல்கிறான். 'விக்ரம் வேதா'வில் தேடப்படும் குற்றவாளி தானே வந்து பிடிபட்டு, போலீஸ்காரனுக்குக் கதை சொல்லிக் கதை சொல்லிக் கேள்வி போடுகிறான். வேதாளத்தை முருங்கை மரத்திலிருந்து இறக்கி வடசென்னையில் விட்டார்கள். 2024இல் வந்த 'மகாராஜா', ஆண்டுக்கணக்கான இடைவெளியை அறிவிக்காமலே இரண்டு காலங்களை அடுத்தடுத்து வைத்தது. கழுத்துச் சங்கிலி ஒன்று கண்ணில் பட்டுப் பழசும் புதுசும் பொருந்தும்போது தியேட்டரில் எழுந்த முனகலை நான் நேரில் கேட்டேன்.

எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கம் 2018இல் பிரேம்குமார் இயக்கிய '96'இல் ஒரு காட்சி. ராமின் மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்து, நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஜானு மறுக்காமல் சொல்லத் தொடங்குகிறாள். கல்லூரிக்குத் தேடி வந்த ராமை அவள் அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பியதுதான் நடந்தது. அவள் சொல்லும் கதையிலோ அவர்கள் சந்தித்துவிடுகிறார்கள். திரையிலும் சந்திப்பு ஓடுகிறது. பிள்ளைகள் மகிழ்ந்துபோய்க் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ராம் ஒருவனுக்கு மட்டும் அது பொய் என்று தெரியும். சொல்பவள், கேட்பவர்கள், சொல்லும் நேரம் மூன்றும் அங்கே கூடிவிட்டன. கோபால் பயத்தால் மறைத்தான், ஜானு ஆசையால் கட்டிச் சொன்னாள்.

திரைக்கதை கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். முதல் வாரத்தில் 'ராஷோமோ'னைப் போட்டுக் காட்டுங்கள். அதே வாரத்தில் அடைக்கலக் காதையையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உரையோடு படித்தாலும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது.