வண்டு மொய்க்காத காந்தள்

மேலூர்க் கண்மாய்களில் தண்ணீர் ஏறும் மழைக்காலத்தில், மேற்கே அழகர்மலைப் பக்கத்துப் புதர்களில் செங்காந்தள் பூக்கும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே மேல்நோக்கி எரிகிற பூ அது. காம்பு வளைந்து மொட்டு மண்ணைப் பார்த்திருக்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னுக்கு மடங்கி வானம் பார்த்து எழும். ஓரமெல்லாம் நெளி நெளியாக. முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், வாடுவதற்கு முன் முழுப் பூவும் குருதி நிறம். ஒரே கொடியில் எல்லா நிறத்தையும் பார்த்துவிடலாம். ஏறிப் படர அதற்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, கிடைத்த முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சூல்தண்டு. கிளம்பிய இடத்திலேயே முழங்கை மடங்குவதுபோல மடங்கி, மகரந்தக் கம்பிகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் போய்விடும். தன் பூவின் தூள் தன்மேல் எளிதில் விழாது.

தொல்காப்பியம், முருகன் பூசாரியான வேலன் வெறியாடும் துறைக்கே காந்தள் என்று பெயர் வைத்தது. மதுரை நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் இதைச் சூட்டுகிறார். எப்படிப்பட்ட காந்தள்? குரங்குகூட அறியாத மலைச்சரிவில் பூத்தது, வண்டும் மொய்க்காதது. பூ என்றால் வண்டைக் கூப்பிடுவதுதான் புலவர் வழக்கம். நக்கீரர் அதை விலக்கி நிறுத்திய அந்த ஒரு நுட்பத்தில் பூ தெய்வத்துக்கு உரியதாகிவிடுகிறது. அந்தப் பாட்டு போய் முடியும் பழமுதிர்சோலையை இதே அழகர்மலையில்தான் வணங்குகிறோம்.

மண்ணுக்குள் இருப்பது வேறு. கலப்பைபோலக் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். அதிலுள்ள கொடிய நஞ்சு கோல்கிசின். கருங்கடல் கரையிலிருந்த கோல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கியது அது; கிரேக்கக் கதையின் மந்திரக்காரி மீடியா பிறந்த நாடு. நெருப்பு கக்கும் எருதுகளை ஏரில் பூட்டப் போகும் வீரன் ஜேசனுக்கு அவள் ஒரு பூச்சுமருந்து தருவாள். கழுகு கொத்திய புரொமிதியஸின் உடம்பிலிருந்து சொட்டிய குருதியில் முளைத்த செடி அதன் மூலிகை. அதன் வேர் அப்போதுதான் அறுத்த சதைபோல இருந்ததாகக் கிரேக்கப் புலவர் அப்போலோனியஸ் எழுதினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர், கதைச் செடியின் வேரைக்கூட உற்றுப் பார்த்தவர்.

இன்று கோல்கிசின் யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்து. மாத்திரையில் அரை மில்லிகிராம் இருக்கும், அவ்வளவே. அந்த நஞ்சு விதையிலும் உண்டு; விதைக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கிளுவையில் கொடியேற்றிக் கண்வலி பயிரிடுகிறார்கள். விலகி நிற்கும் அந்தச் சூல்தண்டால் அங்கே ஒரு வேலை கூடுகிறது. காலையில் கொடி கொடியாக நடந்து, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைக்க வேண்டும். கை படாத பூவில் காய் பிடிப்பது குறைவு.