இரண்டு நாள் பட்டறை: செங்கல்பட்டு வளாகங்களின் இசைப் பயிலரங்குகள் குறித்து ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: பட்டறை, கேள்வி, பறை, விளக்கக் கச்சேரி, நெய்தல், செங்கல்பட்டு

2019ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் ‘பட்டறை’ என்னும் சொல் இருவேறு இடங்களில் இருவேறு பொருளில் வழங்குகிறது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குச் செல்லும் வழியெங்கும் கல் பட்டறைகள் உள்ளன. உளியொலியும் இப்போது அதனினும் மிகுதியாக மின் அரவை எந்திரத்தின் ஒலியும் அங்குக் கேட்கும். பழைய மாமல்லபுரம் சாலையிலும் பெருந்தொடர்ச் சாலையிலும் அமைந்துள்ள கல்வி வளாகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ‘இரண்டு நாள் இசைப் பயிற்சிப் பட்டறை’ என்பது காணப்படும். முன்னதில் ஒருவர் சேர்ந்தால் கல்லின் ஓட்டம் கைக்குப் பிடிபடுவதற்கே ஆண்டுகள் சில ஆகும். பின்னதில் சேர்ந்தவர் மறுநாள் மாலை சான்றிதழுடன் வெளியேறுவார்.

பட்டறை என்பதோடு உறவுடைய ‘பட்டடை’ என்னும் பழஞ்சொல் கருதத்தக்கது. திருக்குறளில் அது கொல்லனின் அடைகல். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அதுவே இசைச்சொல். இளி நரம்பைக் குறிக்கும் பெயர் அது என்றும், பண்கள் யாவற்றுக்கும் அடிமணையாக நிற்பதால் அப்பெயர் பெற்றது என்றும் உரை மரபு விளக்குகிறது. அடியைத் தாங்கும் இரும்பும் பண்ணைத் தாங்கும் நரம்பும் ஒரே பெயரால் வழங்கியுள்ளன. வளாகப் பட்டறைகள் எதைத் தாங்குகின்றன என்று கேட்பதற்கு இச்சொல்லே இடந்தருகிறது.

நாளும் ஆண்டும்

குறுகிய காலம் என்பது மட்டுமே ஒரு பயிலரங்கின் குறையாகாது. இசைக்கல்விக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பது குறித்துத் தமிழ் மரபில் ஐயமில்லை. ஐந்து வயதில் தொடங்கிய மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்பது சிலப்பதிகாரம் தரும் கணக்கு. அவளுக்குப் பின்னால் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒரு குழுவே நிற்கிறது. இன்றைய தமிழ்நாடு அரசின் 17 மாவட்ட இசைப்பள்ளிகளிலும் நாகசுரம், தவில், தேவாரம் முதலியவற்றுக்கு மூன்றாண்டுப் பாடத்திட்டம் உண்டு. செங்கல்பட்டுக்கு அண்மையில் காஞ்சிபுரத்தில் அத்தகைய பள்ளி ஒன்று இயங்குகிறது. 1957இல் தொடங்கப்பெற்ற மாமல்லபுரம் அரசு கட்டட மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு நான்காண்டு. இக்கல்லூரியும் அரசு இசைக்கல்லூரிகளும் இன்று ஒரே இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் உள்ளன. கல்லுக்கும் பண்ணுக்கும் அரசே வகுத்த கால அளவு இவ்வாறிருக்க, இரண்டு நாளில் ‘பயிற்சி’ தருவதாகச் சொல்லுதல் விளம்பர மொழியே.

ஆயினும் இரண்டு நாளில் பெரிது ஒன்றும் நிகழாது என்பதில்லை. 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் விபுலானந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறிய நிகழ்ச்சி இரண்டு நாளே நடைபெற்றது. வழக்கொழிந்த யாழின் வடிவங்களை நூலில் கணக்கிட்டுக் காட்டியதோடு, மீட்டுருவாக்கிய கருவியை அவையோர் செவிக்கும் அங்கு அளித்தனர். ஆராய்ச்சியும் இசைப்பும் ஒரே மேடையில் அமைந்த நிகழ்ச்சி அது. அந்த இரண்டு நாளுக்குப் பின்னால் பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருந்தது. கற்றலின் முடிவில் நின்ற அரங்கேற்றத்தை இன்றைய பயிலரங்கு கற்றலின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறது. முதல்நாள் காலை கருவியைத் தொட்டவர் மறுநாள் மாலை மேடையேறுகிறார். நிறைவு விழாவில் காட்டுவதற்கு ஏதேனும் வேண்டும் என்னும் நெருக்கடியே இரு நாளின் போக்கையும் முடிவுசெய்கிறது. தர மதிப்பீட்டுக் குழுவுக்கு இருப்பிடக் குறியீட்டுடன் கூடிய புகைப்படம் வேண்டும். அப்புகைப்படத்தில் மாணவர்கள் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும், கேட்டுக்கொண்டிருந்தால் போதாது.

கேட்போர் யார்

மாமல்லபுரத்துக்குச் சிறிது வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரை உள்ளது. அதன் வடமொழிக் கல்வெட்டு தென்சுவரில் பல்லவ கிரந்தத்திலும் வடசுவரில் நாகரியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. காலகாலன் என்னும் பட்டமுடைய மன்னனின் இசையை அது புகழும் முறை தனித்தன்மை வாய்ந்தது. மன்னன் எவ்வளவு நன்றாக இசைத்தான் என்று அது கூறவில்லை. பிரமன், பரதன், திருமால், நாரதன், கந்தன் ஆகியோரன்றி அவ்விசையை உணர வல்லார் வேறு யார் என்று வினவுகிறது. முகமன் மொழிதான் எனினும், இசையின் மதிப்பை அது கேட்போன் தகுதியில் வைக்கிறது. அருகிலுள்ள புலிக்குகை திறந்தவெளி நிகழ்த்தரங்காக இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். அக்கருத்து சரியாயின், கேட்போர் எங்கு அமர்ந்தனர் என்னும் வினாவுக்கு இந்தக் கடற்கரை மணலே விடை.

தமிழில் ‘கேள்வி’ என்பது கேட்டலையும் கல்வியையும் வினாவையும் ஒருங்கே குறிக்கும் சொல். முறையாகப் பயிலாதவர் கேட்டுக் கேட்டே பெற்ற இசையறிவைக் ‘கேள்வி ஞானம்’ என்பது வழக்கு. குறுகிய கால நிகழ்ச்சியால் உண்மையில் தர இயல்வது இதுவே. இதனை முதலில் உணர்ந்து செயற்பட்ட வடிவம் விளக்கக் கச்சேரி. 1928இல் அமைந்த சென்னை மியூசிக் அகாடமியின் மார்கழிக் காலை அமர்வுகள் அதற்கு நிலையான வடிவம் தந்தன. அதனை வளாகங்களுக்கு எடுத்துச் சென்றது ஸ்பிக் மெக்கே. தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977இல் அவ்வியக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது டாகர் குடும்பத்தாரின் துருபத் இசையைக் கேட்டதே அதற்குத் தூண்டுதலாக அமைந்தது. தொடக்கமே ஒரு கேட்டல் என்பது தற்செயலன்று. காலணியைக் கழற்றித் தரையில் அமர்தல், ஒலிபெருக்கியைக் குறைத்தல், கலைஞரை மாணவர் அருகிலிருந்து காணுதல் ஆகியவை எளிய ஏற்பாடுகள். ஆனால் இசையைக் கேட்கும் உடலை அவை உருவாக்குகின்றன.

இவ்வடிவத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. ‘செவ்வியல்’ என்று முத்திரை பெற்றதன் முன் அமைதியாக அமர்வது எப்படி என்பதை அது கற்பிக்கிறது. எதிர்க்கேள்வி கேட்பதைக் கற்பிப்பதில்லை. நாட்டார் இசைக்கு அதன் மேடையில் இடம் உண்டெனினும், கருநாடக இசைக்கும் இந்துஸ்தானி இசைக்கும் வகுத்த இருக்கை ஒழுங்கிலேயே அதுவும் வந்து அமர வேண்டியுள்ளது.

இதற்கு மாறாக, பயிலரங்கு முடிந்த மாலையில் விடுதி வாயிலிலோ மரத்தடியிலோ கூடும் முறைசாராக் கச்சேரி ஒன்றுண்டு. ஒரு கித்தார், ஒரு தம்புரா செயலி, கவிழ்த்த நாற்காலி ஒன்று போதும். இளையராஜா பாட்டிலிருந்து கானாவுக்கும், கானாவிலிருந்து ஒரு கீர்த்தனையின் பல்லவிக்கும் அது தாவும். சுருதி விலகினால் உடனே சிரிப்பு எழும். அச்சிரிப்பு ஒரு திறனாய்வு. சான்றிதழ் இல்லாததால் யாரும் நடிக்க வேண்டியதில்லை. அழைக்கப்பட்ட கலைஞரும் அங்கு வந்து அமர்ந்துவிட்டால், பகலில் அரங்கில் கேட்கப்படாத வினாக்கள் அப்போதுதான் எழும். நிகழ்ச்சி நிரலில் அம்மாலைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

பறை வளாகத்துள் வந்தபோது

கடந்த இருபது ஆண்டுகளில் வளாகப் பயிலரங்குகளில் மிக விரும்பப்படும் கருவியாகப் பறை மாறியுள்ளது. இம்மாற்றம் தானே நிகழவில்லை. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு, சென்னையின் புத்தர் கலைக்குழு போன்றவை பறையை இழிவின் அடையாளத்திலிருந்து மீட்டன. கே.ஏ. குணசேகரன் நாட்டார் பாடலையும் பல்கலைக்கழக ஆய்வையும் ஒரே வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ அறிவிக்கப்பட்டபோது, பறை ஆசிரியர் ஒருவர் அப்பெயராலேயே நாடறிந்தவரானார். இவை பெரும் வெற்றிகள். வளாக மாணவி ஒருத்தி பறையைத் தோளில் மாட்டி நிற்பதே ஒரு தலைமுறைக்கு முன் எண்ணிப் பார்க்க முடியாதது.

ஆகவே வளாகத்தில் பறை ஒலிக்கலாமா என்பது இங்கு வினாவன்று. வளாகத்துக்கு வருகையில் பறையின் எந்தப் பகுதி வாயிலிலேயே நின்றுவிடுகிறது என்பதே வினா. நீண்டு மெலிந்த குச்சி ஒரு கையில், குட்டையான தடித்த குச்சி மறுகையில். ஓர் அடியைப் பிடிக்க அரைநாள் போதும். அந்த அடி எங்கு அடிக்கப்படுவது என்பதைச் சொல்ல அரைநாள் ஒதுக்கப்படுவதில்லை. சாவுக்கு ஓர் அடி, திருமணத்துக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி என்று நிகழ்வால் பெயர் பெற்றவை அவை. நிகழ்வை நீக்கிவிட்டால் எண்ணிக்கை மட்டுமே எஞ்சும். குளிரூட்டிய அரங்கில் வைக்கோல் தீ மூட்ட இயலாது. ஆதலால் தோல் காய்ச்சுவதைக் காணாமலே மாணவர் பறை கற்கின்றனர். செயற்கைத் தோல் பறைக்குக் காய்ச்சலே வேண்டாம். அது வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் தோல் எங்கிருந்து வருகிறது, அதனை உரித்தோர் யார், அத்தொழிலுக்காக அவர் என்ன பெயரால் அழைக்கப்பட்டார் என்னும் வினாக்களும் அவ்வசதியோடு சேர்ந்து மறைந்துவிடுகின்றன.

செங்கல்பட்டில் இம்மறதிக்குக் கூடுதல் பொருள் உண்டு. பறையர் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதிய ஆட்சியர் திரெமன்ஹீர் இம்மாவட்டத்தின் ஆட்சியரே. அதனைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பின்னாளில் அது பஞ்சமி நிலம் எனப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, காரணையில் அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இந்த மண்ணில் பறை கற்பிக்கும் ஒருவர் தாளத்தை மட்டும் கற்பித்தால், அவர் கற்பித்தது எங்கும் கற்பிக்கத்தக்க ஒரு தாளமே. அடி, உரு, தோல், நிலம் என்னும் நான்கில் மூன்றை விட்டுவிட்டு ‘மரபுக் கலையைப் போற்றினோம்’ என்று அறிக்கை எழுதுவது, அம்மூன்றாலும் இழிவு சுமந்தோரை மீண்டும் ஒருமுறை வாயிலில் நிறுத்துவதாகும்.

மற்றொன்றும் உண்டு. வளாகச் சுவருக்கு அப்பால் உள்ள ஊர்களில் இன்றும் பறை ஒலிக்கிறது. பயிலரங்குக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் பெயர்பெற்ற குழுவினர். அண்டை ஊர்க்காரர் அழைக்கப்பட்டால், அவருக்கு அளிக்கப்படும் இடம் ‘வளவாளர்’ என்பதா, தொடக்க விழா விருந்தினரை வரவேற்க வாயிலில் வாசிப்பவர் என்பதா? அழைப்பிதழில் பெயர் அச்சாகும் இடத்தைப் பார்த்தாலே விடை தெரியும். இழிவு கருதித் தம் பிள்ளைகள் பறையைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்த குடும்பங்களும் அவ்வூர்களில் உண்டு. அம்முடிவும் பறையின் வரலாற்றில் ஒரு பகுதி. வளாகத்தின் உற்சாகம் அம்மறுப்பைக் கேட்கும் அளவுக்குப் பொறுமை கொள்வதில்லை.

கரையில்

திணை ஒவ்வொன்றுக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் தொல்காப்பியம் சேர்த்துள்ளது. நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் நாவாய்ப்பறையையும் விளரி யாழையும் பிற்கால அகப்பொருள் இலக்கணம் வகுக்கிறது. வகைப்பாட்டை வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. ஆயினும் ஒலி நிலத்தோடும் தொழிலோடும் பிணைந்தது என்னும் கருத்து அதில் உறுதியாக உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளாகங்கள் நெய்தலில் உள்ளன. அங்கு நடக்கும் இசைப் பயிலரங்குகளின் பாடத்திட்டத்தில் கடல் இல்லை.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர்கள் பல ஊர்களிலிருந்து குடும்பத்தோடு கூடுகின்றனர். மணலில் சிறு குடில் அமைத்து இரவு தங்கி, விடியலில் கன்னியம்மனை வழிபடுகின்றனர். பாட்டும் ஆட்டமும் அவ்வழிபாட்டின் உறுப்புகள். அது மேடை நிகழ்ச்சியன்று. ஒளிப்படக் கருவிகளுடன் அங்குச் செல்வோர் ஆண்டுதோறும் பெருகுவது கவலைக்குரியது. வளாகம் இவ்விரவைப் ‘பயிற்சி’யாக மாற்ற முனையுமானால் அது கொடுமையாகும். அழைக்கப்பட்ட ஒருவராகச் சென்று, பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, விடியும் வரை அமர்ந்திருப்பதற்கு ஒரு மாணவரைத் தகுதிப்படுத்துவதானால், அதற்கான முன்னேற்பாட்டைச் செய்ய இரண்டு நாள் பயிலரங்கு சரியான அளவே.

நடைமுறையில் இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நிறைவு விழாவில் மாணவர் செய்துகாட்டும் ஒரு மணி நேரத்தை நீக்கி, அதனை அழைக்கப்பட்ட கலைஞருக்கே தரலாம். தம் ஊரில் ஒரு நிகழ்வுக்கு எவ்வளவு நேரம் வாசிப்பாரோ அவ்வளவு நேரம் அவர் இடைமறிப்பின்றி வாசிக்கட்டும். முதல்நாள் காலையை அரங்குக்கு வெளியே, தீ மூட்டத்தக்க திடலில் தொடங்கலாம். அண்டை ஊர் ஆசானின் பெயரை அழைப்பிதழில் பேராசிரியர்களுக்கு நிகரான எழுத்தளவில் அச்சிட்டு, ஊதியத்தையும் அவர்களுக்கு நிகராக்கலாம். ‘பட்டறை’ என்னும் பெயர் மாமல்லபுரத்துக் கல் தொழிலாளரிடமே இருக்கட்டும். வளாக நிகழ்ச்சிக்குக் ‘கேள்வியரங்கு’ என்று பெயரிட்டால், மாலையில் மரத்தடியில் கூடுவதையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.