அட்டைப்பெட்டியில் ஒரு 5400

சினிமா விமர்சனம், புத்தக விமர்சனம் எல்லாம் நிறையப் படித்திருப்பீர்கள். இந்த வாரம் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். வைஃபை ரூட்டர் வருகிற பெட்டி.

எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் பார்க்கலாம். வழவழ அட்டை. கரப்பான்பூச்சி மல்லாந்து கிடக்கிற மாதிரி நாலு கொம்புகளோடு ஒரு கறுப்புக் கருவி. பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துச் சிரிக்கும் குடும்பம். மூலையில் கொட்டை எழுத்தில் 'ஏஎக்ஸ் 5400'. விநாடிக்கு 5400 மெகாபிட் வேகமாம். சுருக்கமாக, 5400 எம்பிபிஎஸ். (டாக்டர் படிப்பு இல்லை. அதற்கு இதைவிட அதிகம் செலவாகும்.)

வாங்கி வந்து மாட்டுகிறீர்கள். போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்க்கிறீர்கள். முள் ஏறுகிறது, ஏறுகிறது... 90-ல் நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால் 84. அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த தம்பிக்கு போன் போகும். "என்னப்பா, ஏமாத்துறீங்களா?" பாவம், அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, மாடி ஏறி, ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகி, "எங்க சைடு கரெக்டா இருக்கு சார்" என்பார். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. வில்லங்கம் பெட்டியில் இருக்கிறது. அதிலும் ஒரு விசேஷம், பெட்டியில் போட்டிருப்பது பொய் இல்லை. பொய்யாக இருந்தால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போய்விடலாம். இது கூட்டல். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொய்யைவிடக் கூட்டல் ஆபத்தானது.

சரி, கணக்குக்கு வருவோம்.

இந்த 5400 எங்கிருந்து வந்தது? ரூட்டருக்குள் இரண்டு ரேடியோ இருக்கிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். அதன் உச்சவரம்பு 574. இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதன் உச்சவரம்பு 4804. இரண்டையும் கூட்டினால் 5378. கொஞ்சம் மேலே தள்ளி முழுசாக்கினால் 5400. அவ்வளவுதான் சூட்சுமம். ஏஎக்ஸ் 3000 என்பது 574-ம் 2402-ம். ஏசி 1200 என்பது 300-ம் 867-ம். கூட்டிப் பாருங்கள், இருபது முப்பது மெகாபிட் இடிக்கும். ரவுண்டு பண்ணும்போது மேல்நோக்கித்தான் பண்ணுவார்கள். மளிகைக்கடைப் பில்லிலும் இதே தர்மம்தானே!

ஆனால் உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ரேடியோவோடுதான் பேசும். இரண்டிலும் ஒரே சமயத்தில் பேசும் வித்தை வைஃபை 7-லும் வேறு சில போன்களிலும் வந்திருக்கிறது. மற்றபடி நம்மிடம் இருக்கிற போன்களுக்கு ஒன்றுதான். ஆக, முதல் வரியிலேயே 574 கழிந்தது. மீதி 4804.

இந்த 4804 நாலு ஆன்டெனாவும் சேர்ந்து உழைத்தால் வருவது. ரூட்டருக்கு நாலு கொம்பு இருக்கலாம். உங்கள் போனுக்கு? நல்ல போன் என்றால் உள்ளே இரண்டு. விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஒன்றே ஒன்று. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். நாலு பேர் பேசினாலும் கேட்க இரண்டு காதுதான் இருக்கிறது. பாதி போச்சு. 2402.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ரோடு 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால்தான் 2402. ஏராளமான போன்கள் 80 அகலத்தில்தான் ஓடும். மலிவு போன்களை மட்டும் சொல்லவில்லை. ஆப்பிளின் ஐபோன் 11-லிருந்து 14 வரை எல்லாமே வைஃபையில் 80 மெகாஹெர்ட்ஸ்தான். ஆக, இன்னொரு பாதியும் போச்சு. 1201.

கவனியுங்கள், இன்னும் வீட்டில் ஒரு சுவர்கூட குறுக்கே வரவில்லை. ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டதிலேயே 5400 கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டது.

இந்த 1201-ஆவது கைக்கு வருமா என்றால், வராது. இது கிராஸ் சம்பளம். பி.எஃப்., டாக்ஸ் பிடித்தம் போகக் கைக்கு வருவதுதானே நெட்? வைஃபைக்கும் பிடித்தம் உண்டு. வைஃபை என்பது டெலிபோன் மாதிரி அல்ல, வாக்கி டாக்கி மாதிரி. ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கருவியும் பேசுவதற்கு முன் 'யாராவது பேசுகிறார்களா?' என்று காது கொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பேசும். பேசி முடித்ததும் எதிராளி 'வந்துடுச்சு' என்று ரசீது கொடுக்க வேண்டும். ரசீது வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். இந்தச் சடங்குகளுக்கெல்லாம் நேரம் போகிறது. நல்ல சூழ்நிலையில் உச்சவரம்பில் ஏறத்தாழ 60 சதவிகிதம் கைக்கு வந்தால் பெரிய விஷயம். 1201-க்கு சுமார் 700.

இப்போது எழுந்து பெட்ரூமுக்குப் போங்கள். நடுவில் ஒரு செங்கல் சுவர், ஒரு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். சிக்னல் மங்க மங்க, போனும் ரூட்டரும் பேசும் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். தூரத்தில் இருப்பவரிடம் நிறுத்தி நிதானமாகக் கத்திப் பேசுவோமே, அது மாதிரி. 700 என்பது 300 ஆவது சர்வசாதாரணம். இரண்டாவது சுவர் வந்தால் போன் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். அந்த ரோட்டில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் மூன்றுதான். அதில்தான் மேல்வீட்டு ரூட்டர், கீழ்வீட்டு ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் கும்பலாகப் போகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே வேகத்தை எதிர்பார்ப்பது, தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டுவது மாதிரி.

இன்னொரு சங்கடம். ரூட்டர் உரக்கப் பேசும். அது சுவரில் மின்சாரம் எடுக்கிறது. போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க முணுமுணுக்கும். ரூட்டர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ரூட்டருக்குச் சரியாகக் கேட்காது. திரையில் சிக்னல் கட்டை நிறையத் தெரிந்தும் வீடியோ காலில் நம் முகம் மட்டும் எதிராளிக்கு உறைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்களே! 2003-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரத்தை விளக்கினார்கள். வைஃபையில் எல்லோருக்கும் சமமாக 'டர்ன்' கிடைக்கும். ஆனால் ஒரு டர்னுக்கு எவ்வளவு நேரம் என்பது அவரவர் வேகத்தைப் பொறுத்தது. ரேஷன் கடை க்யூவில் ஒருவர் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தால் பின்னால் நிற்கிற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதானே? அதேபோல், கோடி ரூமில் ஒரு பழைய கருவி மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தால் ரூட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் வேகமும் கிட்டத்தட்ட அதன் மட்டத்துக்கு இறங்கிவிடும். புதிய ரூட்டர்கள் இதற்கு ஓரளவு வைத்தியம் கண்டுபிடித்திருக்கின்றன. ஓரளவுதான்.

கடைசியாக ஒரு உள்குத்து. ஏசி 1200 என்று எழுதிய மலிவு ரூட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் இருக்கிற ஒயர் துளை 100 மெகாபிட்தான். அதாவது 1200 என்று வாசலில் போர்டு வைத்த வீட்டுக்கு வருகிற குழாய் 100. நீங்கள் 300 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டினாலும் அதற்குமேல் ஒரு சொட்டு வராது. இது பெட்டியின் முன்பக்கத்தில் இருக்காது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், '10/100' என்று வாய்ப்பாடு மாதிரி இருக்கும்.

இன்ஜினீயர்கள் என் மேல் கோபித்துக்கொள்ளலாம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 4804 என்பது கற்பனை அல்ல, தரநிர்ணயத்தில் கணக்கிட்டு வைத்த எண். நாலு ஆன்டெனாவும் வீண் அல்ல. பல போன்கள் ஒரே சமயத்தில் கேட்கும்போது பங்கு போட்டுக் கொடுக்க உதவும். ஒரே போனை நோக்கி அலையைக் குவித்து அனுப்பவும் உதவும். நியாயம்தான். ஆனால் அது கொள்ளளவு. ஒரு பஸ்ஸில் 50 பேர் போகலாம் என்பது கொள்ளளவு. 50 பேரும் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறார்கள், ஆகவே பஸ்ஸின் வேகம் 3000 கிலோமீட்டர் என்று போர்டு மாட்டினால் கைகொட்டிச் சிரிக்க மாட்டோமா? ரூட்டர் பெட்டியைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. கார்டை நீட்டுகிறோம்.

யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டார்கள். 54 மெகாபிட் என்று எழுதிய ரூட்டர்கள் 20, 25 கொடுத்துக்கொண்டிருந்த காலம். 2004-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நெட்கியர் நிறுவனத்தின் மேல் வாடிக்கையாளர்கள் சார்பில் வழக்குப் போட்டார்கள். பெட்டியில் போட்ட வேகம் நடைமுறையில் வருவதில்லை என்பதுதான் புகார். 2005-ல் சமரசம். வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அதே நிறுவனத்தின் பொருளை மறுபடி வாங்கினால் 15 சதவிகிதத் தள்ளுபடி! வக்கீல்களுக்கு 7 லட்சம் டாலர். பெட்டியில் 'நடைமுறை வேகம் மாறுபடும்' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் சேர்ந்தது. இன்று எல்லாப் பெட்டிகளிலும் நட்சத்திரக் குறி போட்டு, பூதக்கண்ணாடிக்குத் தீனியாக இருக்கிறதே, அதே ஜாதிக் குறிப்பு. எண் அப்படியே இருந்தது. பிறகு நூறு மடங்கு பெரிதானது.

ஏன் எந்தக் கம்பெனியும் நேர்மையான எண்ணைப் போடுவதில்லை? காமர்ஸ் மாணவர்களுக்கு கிரஷாம் விதி ஞாபகம் இருக்கும். கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும். அதேதான் இங்கேயும். ஒரு கம்பெனி 'ஒரு போனுக்கு 700' என்று யோக்கியமாக எழுதி, பக்கத்துப் பெட்டியில் 5400 என்று இருந்தால், எதை எடுப்பீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அதனால் இது தனி ஒரு கம்பெனியால் திருந்துகிற விஷயம் இல்லை. விதி வேண்டும். விதி போட முடியாதா? நம் ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில் 'நிகர எடை' போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அட்டை, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் போக பிஸ்கட் மட்டும் எத்தனை கிராம்? பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் வருட விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. அஞ்சு ரூபாய் பிஸ்கட்டுக்கு இருக்கிற மரியாதை ஐயாயிரம் ரூபாய் ரூட்டருக்கு இல்லை.

பிரிட்டனில் பிராட்பேண்ட் விளம்பரங்களுக்கு ஒரு விதி இருந்தது. பத்து சதவிகித வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே அந்த வேகத்தை 'வரை' என்று போட்டு விளம்பரம் பண்ணலாம். 2018 மே மாதத்திலிருந்து மாற்றினார்கள். ராத்திரி எட்டிலிருந்து பத்து மணிக்குள், கூட்ட நேரத்தில், பாதிப் பேருக்காவது கிடைக்கிற வேகத்தைத்தான் சொல்ல வேண்டும். அது இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கான விதி, ரூட்டருக்கு அல்ல. ஆனாலும் மனசிருந்தால் எண்ணை அடக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

பெட்டியில் மூன்றே எண் போதும். இரண்டு ஆன்டெனா உள்ள ஒரு போனுக்கு, ஒரே அறையில், கைக்கு வருவது எவ்வளவு? ஒரு சுவர் தாண்டினால் எவ்வளவு? பின்பக்கத் துளை எவ்வளவு? வேண்டுமானால் 5400-ஐ பக்கத்தில் பொடி எழுத்தில், நட்சத்திரக் குறியோடு போட்டுக்கொள்ளட்டும்!

விதி வரும்வரை நாம் என்ன பண்ணுவது? உங்கள் பிளான் 100 மெகாபிட் என்றால், பெட்டியில் 5400 இருந்தாலும் 1200 இருந்தாலும் இன்டர்நெட் 100-க்குமேல் வராது. அதற்காகப் பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். எட்டால் வகுக்கவும் மறக்காதீர்கள். 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு பன்னிரண்டரை மெகாபைட்தான். போன் செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டால் பல ஆண்ட்ராய்டு போன்களில் 'லிங்க் ஸ்பீடு' தெரியும். அது கிராஸ். அதில் பாதிக்குச் சற்று மேல் உங்களுடையது. ரூட்டரை டி.வி. ஸ்டாண்டின் அடியில், சாமி ரூம் மூலையில் ஒளிக்காமல் வீட்டின் நடுவில், உயரமாக வையுங்கள். இடம்விட்டு நகராத டி.வி.யை ஒயரில் கோத்துவிடுங்கள், காற்றில் போனுக்கு இடம் கிடைக்கும். பெரிய வீடு என்றால் ஒரு பெரிய ரூட்டருக்குப் பதில் இரண்டு சுமாரான ரூட்டர்களை ஒயரில் இணைத்து இரண்டு பக்கமும் வைப்பது மேல்.

கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். "தம்பி, இதுல ஒரு போனுக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் டீலரைக் கேட்பார். நூறு டீலர்கள் கேட்டால் கம்பெனி யோசிக்கும். அதுவரை, ஸ்பீடு டெஸ்ட்டில் 90 வந்தால் அந்த கனெக்‌ஷன் தம்பியை மாடி ஏற வைக்காதீர்கள். அவர் சொன்ன 100-க்கு 90 கொடுத்துவிட்டார். 5400 என்று சொன்னவர் வேறு ஆள்.