பி எங்கே நுழைகிறது?

சி செவன் கார்டின் மீது, தட்டுக்கு இரண்டு சுரம் வீதம், சி-யிலிருந்து இறங்கும்போது சி-க்கும் பி பிளாட்டுக்கும் நடுவே பி-யைச் செருகினால் சி, பி பிளாட், ஜி, ஈ நான்கும் தட்டின் மேலேயே விழுகின்றன. செருகாவிட்டால் அடுத்த தட்டிலேயே ஏ வந்துவிடும். பிறகு எஃப், டி. கார்டு காணாமல் போய்விடும்.

இந்தக் கணக்கைப் பீபாப் ஸ்கேல் என்ற பெயரில் பாடமாக்கியவர் இண்டியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர். அவருடைய நூல்கள் பயனுள்ளவைதான். ஆனால் அவற்றோடு நின்றுவிடுகிறவர்கள் எட்டுச் சுரத்தையும் ஏணிபோல ஏறி இறங்கி, அதையே சோலோ என்று முடித்துக்கொள்கிறார்கள். இன்றைய கல்லூரி மேடைகளில் இது சலிக்கச் சலிக்கக் கேட்கிறது. 1945-இல் பதிவான 'கோ-கோ'வில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் அந்த ஏணியை முழுதாகக் காட்டிக்கொண்டிருப்பதில்லை. நுழையும் சுரம் ஒரு துணுக்கில் தலைகாட்டும். அதற்குள் வரி வேறு திசையில் பாய்ந்திருக்கும்.

டெட்ராய்ட்டில் 1929-இல் பிறந்த பியானோக் கலைஞர் பாரி ஹாரிஸ் இந்தச் செருகும் கணக்கை இன்னும் நுட்பமாகச் சொல்லிக்கொடுத்தார். எந்தச் சுரத்தில் தொடங்குகிறோமோ, அதுதான் செருகலைத் தீர்மானிக்கும். 1, 3, 5, 7-இல் தட்டின் மேல் தொடங்கி இறங்கினால் ஓர் அரைச் சுரம் போதும். 2, 4, 6-இல் தொடங்கினால் ஒன்றும் வேண்டாம், வேண்டுமானால் இரண்டு. டி-யிலிருந்து எதையும் செருகாமல் இறங்கினால் பி பிளாட், ஜி, ஈ தாமாகவே தட்டில் வந்து உட்காரும். அங்கே பி-யை மட்டும் நுழைத்தால் எல்லாம் குலையும். எட்டாவது சுரம் கட்டாயம் என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

வகுப்பில் ஹாரிஸ் வரிகளைப் பாடிக்காட்டுவார். மாணவர்கள் உடனே திருப்பி வாசிக்க வேண்டும். 1960-இன் 'அட் த ஜாஸ் வொர்க்‌ஷாப்' இசைத்தட்டைக் கேட்டால் விதியின் வாடையே வராது. பியானோக் கலைஞர் பட் பவலிடமிருந்து வந்த அந்தத் தெளிவான உச்சரிப்பில், அரைச் சுரம் சற்றே அழுத்தம் குறைந்து, அடுத்த சுரத்துக்கு வழிவிட்டு நகரும். அழுத்தம் இப்படி விழாவிட்டால் கணக்கு சரியாக இருந்தும் ஸ்விங் வராது.

சி மேஜரில் செருகும் சுரம் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே ஜி ஷார்ப். ஹாரிஸ் இந்த எட்டையும் கார்டுகளாக அடுக்கினார்: ஒரு படிக்கு சி சிக்ஸ்த், அடுத்த படிக்கு பி டிமினிஷ்ட், மறுபடி சி சிக்ஸ்த். சோலோவுக்கு மட்டும் இந்த ஸ்கேலை எடுத்துக்கொள்ளும் பியானோக்காரர்கள் இடது கைக்குரிய பாதியை விட்டுவிடுகிறார்கள்.