இருபது நாள்: காயத்தின் மொழியும் உழைப்பின் மொழியும்

சட்டக்கோவைகளை இலக்கிய மாணவர் வாசிப்பது அரிது. எனினும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவைக்கு அடிப்படையான வரைவை 1837இல் முடித்த ஆணைக்குழுவின் தலைவரான மக்காலே கட்டுரையாசிரியராகவும் வரலாற்றாசிரியராகவும் புகழ்பெற்றவர். இலங்கையின் 1883ஆம் ஆண்டுக் கோவையும் அந்த இந்தியக் கோவையையே முன்மாதிரியாகக் கொண்டது. ஆகவே அதன் மொழியை ஆராய்வது நமக்கு அயலான காரியமன்று.

அக்கோவையின் 320ஆம் பிரிவு கடுங்காயத்தை எட்டு வகையாக வரையறுத்தது. பார்வையிழப்பு, என்புமுறிவு முதலிய ஏழும் உடலைப் பற்றியன. எட்டாவது, உயிருக்கு ஆபத்தான, அல்லது இருபது நாள் கடும் வேதனை தரும், அல்லது அந்நாள்களில் வழமையான அலுவல்களில் ஈடுபட இயலாமற் செய்யும் காயம். பிரான்சின் 1810ஆம் ஆண்டுக் கோவையும் இருபது நாளையே எல்லையாக வகுத்தது. ஆனால் அது பேசியது வேலை செய்ய இயலாமையைப் பற்றி. ஆங்கில வாசகத்தின் அலுவல் என்பதிலோ பிரபுவின் வேட்டையும் அடங்கும், கூலியாளின் மண்வெட்டியும் அடங்கும்.

இப்பொதுமை தற்செயலானதன்று. 322ஆம் பிரிவின் உதாரணத்தை நோக்குக: ஒருவன் மற்றொருவனின் முகத்தைச் சிதைக்க எண்ணி அடிக்கிறான், முகம் சிதையவில்லை, இருபது நாள் வேதனையே விளைகிறது. ஒரு சிறுகதைக்குரிய கரு. ஆயின் பாத்திரங்களுக்கு எழுத்துகளே பெயர். தொழிலில்லை, சாதியில்லை, வர்க்கமில்லை.

மேன்முறையீட்டில் இக்குறை பெரிதாகின்றது. மேன்முறையீடு ஒருவகை வாசிப்பே. காயம் ஆறிவிட்டது, எஞ்சியிருப்பவை மருத்துவ அறிக்கை, எக்ஸ்-கதிர்ப் படம், சாட்சியப் பதிவு ஆகியனவே. என்புமுறிவுக்குப் படமோ தக்க மருத்துவச் சான்றோ முன்வைக்கப்படாதவிடத்து 325ஆம் பிரிவின் குற்றத்தீர்ப்பு 323க்கு இறங்கிய வழக்குகள் பல. உச்சத் தண்டனை ஏழாண்டிலிருந்து ஓராண்டாகும். எட்டாவது வகையிலோ, மருத்துவமனையில் இருபது நாள் தங்கியதும் தன்னளவிற் போதாது. வேதனையோ இயலாமையோ தனியே நிறுவப்பட வேண்டும் என நீதிமன்றங்கள் கூறிவந்துள்ளன.

இங்கேதான் முரண்பாடு. நாட்கூலி பெறுபவர் தாக்கப்பட்டால், வேதனை தீர்ந்ததனால் அன்றி அடுப்பெரியாததனால் ஐந்தாம் நாளே வயலுக்குத் திரும்புகிறார். எப்போது வேலைக்குப் போனீர் என்று எதிர்த்தரப்பு வினவும். அவர் உண்மையைச் சொல்வார். அந்த உண்மையே அவருக்கு எதிரான சான்றாகிறது. மாதச் சம்பளத்துடன் விடுப்பெடுக்கக்கூடிய உத்தியோகத்தரின் காயமோ நாட்குறிப்பிலேயே தன்னை நிரூபித்துக்கொள்ளும்.

இதனை ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி என்று முடித்துவிடுவது கொச்சை மார்க்சியமாகும். எதிரிக்கூண்டில் நிற்பவரும் பெரும்பாலும் கூலியாளே. ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் என்ற விதி அவருக்கும் அரண்; அதனைத் தளர்த்தக் கோருவோர் அவரை மறந்துவிடுகின்றனர். நாம் கேட்பது வேறு. மீண்டு சென்றவர் என்ன வேலையை, எவ்வளவு கூலிக்கு, எந்தக் கையாற் செய்தார் என்று விசாரணையாளர் பதிந்திருப்பின், மேன்முறையீட்டு நீதிபதிக்கு வாசிக்க வேறொரு பிரதி கிடைத்திருக்கும்.

2024 யூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதை இருபதைப் பதினைந்தாகக் குறைத்தது. வழமையான அலுவல்கள் என்ற தொடரை அது தொடவில்லை.