கப்பல் ஏறாத கடலியல்

ஆர்கோ மிதவைகள் வந்துவிட்டன, இனி ஆய்வுக் கப்பலுக்கு என்ன வேலை என்ற வாதம் கடலியல் வட்டாரத்தில் 2020-க்குப் பின் வலுத்துவிட்டது. கொரோனா பரவிய அந்த மார்ச் மாதத்தில் உலகெங்கும் ஆய்வுக் கப்பல்கள் பாதிப் பயணத்தில் கரை திரும்பின. மிதவைகள் ஆள் துணையில்லாமல் தம்பாட்டுக்கு மூழ்கி எழுந்து அளவீடுகளை அனுப்பிக்கொண்டிருந்தன. அப்போது எழுந்த பாராட்டு மெல்ல மெல்ல நிதிக் கொள்கையாக உறைந்துவருகிறது. பெரிய ஆய்வுக் கப்பலை ஒரு நாள் ஓட்டும் செலவில் ஒரு மிதவையே வாங்கிவிடலாம், பிறகு கப்பல் எதற்கு என்கிறார்கள். செலவுக் கணக்கு சரிதான். ஆனால் மிதவை அனுப்பும் எண்ணை எதைக் கொண்டு நம்புவது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆர்கோவின் சாதனையை யாரும் மறுக்க முடியாது. ஆள் உயரக் குழாய் ஒன்று ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலேறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளந்து, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. உள்ளிருக்கும் எண்ணெயைப் பம்பு வெளிப்பைக்குத் தள்ளினால் பருமன் கூடி மேலேறும். உள்ளே இழுத்தால் மூழ்கும். நான்கைந்து ஆண்டு ஓடுவதற்கு இவ்வளவுதான் இயந்திரம். 2000-ஐ ஒட்டி இறக்கத் தொடங்கிய இவற்றின் எண்ணிக்கை 2007 நவம்பரில் 3,000-ஐத் தொட்டது. இன்று ஏறத்தாழ 4,000 இயங்குகின்றன. தென்கடலின் குளிர்காலத்தில் கப்பல் போகவே அஞ்சும் இடங்களிலிருந்து, அதற்கு முந்தைய நூறாண்டுக் கப்பல் பயணங்கள் தந்ததைவிட அதிக அளவீடுகள் சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. புவி வெப்பமாதலில் சேரும் மிகைவெப்பத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. அதை ஆண்டுக்கு ஆண்டு கணக்கிட முடிவது ஆர்கோவால்தான். இந்தியா 2002 முதல் மிதவை இறக்குகிறது. இந்தியப் பெருங்கடலின் தரவுகளை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் திரட்டித் தருகிறது. ஒரே நாளுக்குள், உலகில் யாரும், காசு கொடுக்காமல் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். அறிவியலில் இவ்வளவு பரந்த ஈகை அரிது.

குறைகளில் சில வடிவமைப்பிலேயே உள்ளவை. அவற்றை ஆர்கோ திட்டத்தார் மறைத்ததில்லை. ஆயிரம் மீட்டரில் தங்கும் கருவிக்குக் கண்டத்திட்டில் வேலையில்லை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழமில்லாத பாக் விரிகுடாவும், பவளத்திட்டுகள் நிறைந்த மன்னார் வளைகுடாக் கரையோரமும் இதன் பார்வைக்கு வெளியே கிடக்கின்றன. மீனவர் வாழ்க்கை நடப்பதும் அங்கேதான். கடலின் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே இருக்கிறது. அண்டார்க்டிகாவிலிருந்து அடியோட்டமாகப் பரவும் ஆழ்நீர் சூடேறுவதைக் கடலியலாளர்கள் சாரா பர்க்கியும் கிரகரி ஜான்சனும் 2010-இல் நிறுவியபோது கைகொடுத்தவை, ஒரே தடத்தில் பல ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்பச் சென்ற கப்பல்களின் அளவீடுகள். மேற்பரப்பிலும் ஒரு விடுபடல் உண்டு. மேலே மிதக்கும் அழுக்கு உணர்கருவிக்குள் புகாதிருக்க, பெரும்பாலான மிதவைகள் ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆழத்திலேயே கருவிக்கு நீர் இழுக்கும் பம்பை நிறுத்திவிடும். பெரும்பாலான கடல்களில் இது பொருட்டல்ல. கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீரைக் கொட்டும் வங்காள விரிகுடாவின் வடபகுதியில், மழைக்காலத்துக்குப் பின் அந்தச் சில மீட்டர் மெல்லிய நீர்தான், புயல் கடக்கும்போது கீழிருக்கும் குளிர்நீர் மேலே கலக்காமல் தடுக்கிறது. அந்த அடுக்கின் நுட்பங்களைப் பிடித்தவை சாகர் நிதி போன்ற ஆய்வுக் கப்பல்கள்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். இடம் எட்டாத குறையை இன்னொரு கருவி கொண்டு ஈடுகட்டலாம். உண்மையான பலவீனம் மிதவை அளந்த இடத்திலேயே, அது அனுப்பிய எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

உவர்ப்பை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே ஓடும் நீரின் மின்கடத்து திறனை அளந்து, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் உவர்ப்பைப் பெறுகிறார்கள். அந்தக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பாசி படிந்தாலும், பூச்சு சற்றே மாறினாலும் எண் நகர்ந்துவிடும். ஆர்கோ வேண்டும் துல்லியம் 0.01 அலகு. ஆழ்கடலில் பத்தாண்டில் நிகழும் மாற்றமோ பல இடங்களில் அதைவிடச் சிறிது. இதே அளவீடுகளுக்காகக் கப்பலிலிருந்து தொங்கவிடும் சிடிடி கருவி பயணத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வகத்தில் சோதிக்கப்படும். இறக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அதனருகிலேயே நீர்மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள். மிதவை கடலில் விழுந்தால் விழுந்ததுதான். மீட்டு வந்து சோதிப்பது அரிதினும் அரிது. ஐந்து ஆண்டு யாரும் தொடாத கருவி சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

ஆர்கோவின் விடை இது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒரு வல்லுநர் அந்த மிதவையின் ஆழ்நீர் அளவீட்டை, அதே வட்டாரத்தில் முன்பு எடுத்த நம்பகமான அளவீடுகளோடு ஒப்பிடுவார். ஆழத்தில் உவர்ப்பு எளிதில் மாறாது என்பதால், விலகல் தெரிந்தால் கருவி பிசகியதாகக் கொண்டு திருத்துவார். அந்த நம்பகமான அளவீடுகளின் அடித்தளம் கப்பல் சிடிடி. ஆளில்லாக் கருவிக்கு ஆளேறிய கப்பல்தான் சாட்சி. கப்பலை நிறுத்தலாம் என்பவர்கள், எதை வைத்துத் தங்கள் மிதவையை நம்புகிறார்களோ அதையே நிறுத்தச் சொல்கிறார்கள். கடன் வாங்கிய தொகையை வரவில் எழுதிக்கொண்டு, கடன் கொடுத்தவன் இனி வேண்டாம் என்று சொல்லும் கணக்கு இது.

இது வெறும் தத்துவச் சிக்கல் என்று ஒதுக்கவும் வழியில்லை. 2003-க்கும் 2005-க்கும் இடையில் மேல்கடல் குளிர்ந்துவிட்டதாக 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகம் சூடேறும்போது கடல் எப்படிக் குளிரும் என்ற பரபரப்பு எழுந்தது. செயற்கைக்கோள் அளந்த கடல்மட்டத்தோடு அந்த முடிவு பொருந்தாமல் போனபின் ஆராய்ந்ததில், ஒரு தொகுதி ஆர்கோ மிதவைகள் அழுத்த அளவைத் தவறான வெப்பநிலையோடு இணைத்து அனுப்பியிருந்தது தெரிந்தது. கப்பல்களிலிருந்து வீசி எறியும் பழைய வெப்பமானிகளும் அதிக வெப்பம் காட்டிவந்தன. அவற்றின் இடத்தை ஆர்கோ பிடிக்கப் பிடிக்க இல்லாத குளிர்ச்சி தோன்றிவிட்டது. 2007-இல் ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட்டார்கள். பழியில் கப்பல் கருவிக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது அதைவிடத் தீவிரம். 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடலுக்குப் போன உவர்ப்பு உணர்கருவிகளில் கணிசமானவை விரைவாக உவர்ப்பு மிகுந்த பக்கம் நகரத் தொடங்கின. உலகக் கடலின் சராசரி உவர்ப்பே கூடுவதுபோல் தோற்றம் உண்டானது. பனிப்பாறைகள் உருகி நன்னீர் சேரும் காலத்தில், கடலிலுள்ள மொத்த உப்பு ஏறத்தாழ மாறாத நிலையில், அப்படி நடக்க வழியே இல்லை. கடல்மட்ட உயர்வைக் கணக்கிடுவோர் அதன் விளைவை வேறொரு வழியில் கண்டார்கள். மொத்த உயர்வைச் செயற்கைக்கோளின் உயரமானி தரும். சேர்ந்த நீரின் எடையை கிரேஸ் செயற்கைக்கோள்கள் தரும். நீரின் அடர்த்தி மாறி விரிவடைந்த பங்கை ஆர்கோ தரும். 2015 வரை கூட்டிக் கழித்தால் சரியாக வந்த கணக்கு, 2016-க்குப் பின் வரவில்லை. காரணங்களில் ஒன்று ஆர்கோவின் உவர்ப்பு என்று பின்னர் தெரிந்தது.

ஆர்கோவை ஆதரிப்போர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: பிழையைக் கண்டதும் ஆர்கோ குழுவே, வெளிப்படையாக அறிவித்ததும் அதுவே, திருத்தியதும் அதுவே. எல்லாம் உண்மை, போற்றத்தக்கவை. எதைக் கொண்டு திருத்தினார்கள் என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை. திருத்தம் வருவதற்குள் அந்த எண்கள் பல முன்கணிப்பு மாதிரிகளுக்குள் போய்விட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒப்பீட்டுக்கு வேண்டிய கப்பல் தரவு எந்த நிலையில் இருக்கிறது? வங்காள விரிகுடாவுக்குள் வடக்கே செல்லும் ஐ09என் என்ற தடத்தில் 1995, 2007, 2016 ஆகிய ஆண்டுகளில் முழுமையான அளவீடு நடந்தது. இடைவெளி பத்தாண்டை ஒட்டியது. வடமேற்கு இந்தியப் பெருங்கடலில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோமாலியக் கடற்கொள்ளையரால் ஆய்வுக் கப்பல்கள் போகவே முடியவில்லை. இப்படிக் கிழிந்த ஆடையை வைத்துக்கொண்டு வல்லுநர் ஒரு மிதவையைப் பார்க்கிறார். 0.01 அலகு விலகல் தெரிகிறது. கருவி பிசகியதா, கடலே மாறியதா? அண்மையில் அந்த வழியாகக் கப்பல் போயிருந்தால் சொல்லிவிடலாம். போகாவிட்டால், கடலின் மெய்யான மாற்றத்தைக் கருவியின் பிசகென்று அழித்துவிடவும் கூடும். கருவியின் பிசகைக் கடலின் மாற்றமென்று ஏற்றுக்கொள்ளவும் கூடும். திருத்திய மிதவைகளையே அடுத்த மிதவைகளுக்கு அளவுகோலாக வைப்பதும் வழக்கத்தில் இருக்கிறது; பழைய பிழை இருந்தால் அது அப்படியே வாரிசுக்குப் போகும். காலநிலை மாற்றத்தை அளக்கவென்றே உருவான அமைப்புக்கு, ஆழ்கடல் மாறாது என்ற அனுமானத்தின்மேல் நிற்பதைவிடப் பெரிய முரண் வேறில்லை.

கப்பலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகிருந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். வட்டமாக அடுக்கிய நீர்க்குப்பிகளோடு சிடிடி மேலே வந்ததும் மாதிரி எடுக்க ஒரு வரிசை உண்டு. வாயுக்களின் அளவு காற்றுப் பட்டதும் மாறிவிடும் என்பதால் ஆக்சிஜன் முதலில். கரியமில வாயு, ஊட்டச்சத்து என்று போய் உவர்ப்பு கடைசி. உவர்ப்புக் குப்பியை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, மூடியில் உப்புத்துளி தங்காமல் துடைத்து மூடுவார்கள். ஒரு துளி காய்ந்து உள்ளே விழுந்தாலும் எண் கெட்டுவிடும். பிறகு அந்தக் குப்பிகள் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்கும். அதன்பின்தான், முத்திரையிட்டு வந்த தரநீரை அளந்து சரிசெய்த உவர்ப்புமானியில் ஒவ்வொன்றாக ஓடும். அலுப்பான வேலை. நள்ளிரவு முறையில், கப்பல் ஆடும்போது, இன்னும் அலுப்பு. உலகின் ஆர்கோ உவர்ப்பெல்லாம் கடைசியில் இந்தக் குப்பியில்தான் போய் முடிகிறது.

இந்த வேலையைக் கையால் செய்யாதவர்கள் கடலியலில் பெருகிவருகிறார்கள் என்பதுதான் கல்வியின் பக்கம் நேர்ந்த இழப்பு. 1950-களில் கடலியலாளர் யூஜின் லாஃபாண்ட் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கடலியலைத் தொடங்கியபோது மாணவர்களைக் கடற்படைக் கப்பல்களில் ஏற்றித்தான் பாடம் நடத்தினார். 1960-களின் தொடக்கத்தில் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் பிள்ளையாகத்தான் 1966-இல், இன்று கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் ஏற்றவற்றம் பார்த்து நீர் மொண்டு வருவதிலிருந்தே ஆய்வு தொடங்கியது. இன்று ஒரு மாணவர் கடலைக் காணாமலேயே கடலியலில் முனைவர் பட்டம் பெறலாம். ஆர்கோ கோப்பை இறக்கி, தரக்குறியீடு ஒன்று என்றால் வைத்துக்கொண்டு, நான்கு என்றால் நீக்கிவிட்டு, மீதியை வரைபடமாக்கினால் ஆய்வுக்கட்டுரை தயார். அந்த ஒன்றையும் நான்கையும் யார், எந்தச் சான்றின்பேரில் போட்டார்கள் என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. கணினித் திறனில் அவர் முந்தைய தலைமுறையைவிட மேலானவர், அதில் ஐயமில்லை. ஆனால் குப்பிக் கழுத்தில் காய்ந்த உப்பைப் பார்த்திராதவர், ஐந்தாண்டு மூழ்கிக்கிடந்த கண்ணாடிக் குழாயைச் சந்தேகிக்கக் கற்றிருக்க மாட்டார். இதற்குப் பொறுப்பு மாணவர் அல்லர். அவரைக் கப்பல் ஏற்றாத துறைகள்.

ஆர்கோவின் அடுத்த கட்டம் இந்தக் குறையைப் பெரிதாக்கவே போகிறது. ஆக்சிஜன், நைட்ரேட், அமிலத்தன்மை, பச்சையம் ஆகியவற்றையும் அளக்கும் ஆயிரம் மிதவைகளை உலகக் கடலில் பரப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் கருவியையாவது மிதவை மேலே வரும்போது காற்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். நைட்ரேட்டுக்கும் அமிலத்தன்மைக்கும் அந்த வழியில்லை; ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டிய அளவு என்று சூத்திரங்கள் சொல்லும் எண்ணுக்கு அவற்றை இழுத்துப் பொருத்துகிறார்கள். அந்தச் சூத்திரங்களைக் கட்டியவை கப்பல்கள் கொண்டுவந்த நீர்மாதிரிகள். மனிதர் வெளியிட்ட கரியமில வாயு ஆழத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கடல்களில் அந்தச் சூத்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும்.

மிதவைகளை இறக்கவும் கப்பல் தேவை என்பதால் வழி கண்ணெதிரிலேயே இருக்கிறது. நியூசிலாந்தின் கஹரோவா என்ற சிறு கப்பல் தென்கடல்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மிதவைகளை இறக்கியிருக்கிறது. சரக்குக் கப்பல்களும் போகிற போக்கில் இறக்கிவிட்டுப் போகின்றன. செலவு குறைவு என்று இதைத்தான் பல நாடுகள் விரும்புகின்றன. இந்தியாவின் மிதவைகள் ஆய்வுக் கப்பல்களிலிருந்து இறங்கும் பயணங்களில், ஒவ்வொரு மிதவைக்கும் பக்கத்தில் இரண்டாயிரம் மீட்டர்வரை ஒரு சிடிடியையும் இறக்கி, குப்பியில் நீர் எடுத்து, முதல் அளவீட்டுக்குச் சாட்சி வைக்க வேண்டும். அந்தப் பயணங்களில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இடம் ஒதுக்கி, உவர்ப்புமானியின் முன் அவர்களை உட்கார வைக்க வேண்டும். ஒரு நிலையத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கூடும். அந்தச் செலவை மிதவையின் விலையோடு சேர்த்தே திட்ட மதிப்பீட்டில் எழுத வேண்டும்.